இடது பின்கதவு

எஃகு விலை ஏறிவிட்டதால் எங்கள் கம்பெனி காரில் இடது பின்கதவு வைப்பதை நிறுத்தியது. அந்த இடத்துக்கு என்னை அனுப்பினார்கள்.

தொழிற்சாலை ஒரகடத்தில் இருக்கிறது. பதினோரு வருடமாக நான் அங்கே இடது பின்கதவு மட்டும்தான் பொருத்தினேன். ஒரு ஷிப்டுக்கு நூற்று அறுபது கதவு. வேறு கதவைப் பற்றி என்னைக் கேட்டால் திருதிருவென்று விழிப்பேன். வலது பின்கதவு பொருத்துகிறவர் எதிரே நிற்பார். நடுவில் எப்போதும் ஒரு கார் இருந்ததால் அவரைக் கழுத்துக்கு மேலே மட்டும் அவ்வப்போது பார்த்திருக்கிறேன்.

விலை ஏற ஆரம்பித்ததும் கம்பெனி முதலில் தகரத்தை மெலிதாக்கிப் பார்த்தது. ஓர் அளவுக்கு மேல் போனபோது உள்ளே உட்கார்ந்திருப்பவர் வெளியே தெரிந்தார். பிறகு காரின் நீளத்தைக் குறைத்தார்கள். ஓட்டுகிறவரின் மடியில் பின்சீட்டு வந்து நின்றது. காரின் விலையை ஏற்றினால் என்ன என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டாராம். பண்டிகைக்கு முன்பே பழைய விலையைப் போட்டு முழுப்பக்க விளம்பரம் கொடுத்தாயிற்று, போட்டிக் கம்பெனிக்காரன் வாயைத் திறக்கவில்லை, நாம் ஏற்றினால் ஷோரூமில் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்று சொல்லி அவரை உட்காரவைத்துவிட்டார்கள்.

கடைசியில் இடது பின்கதவு என்று முடிவானது. ஒரு காரில் அதிகம் திறந்து மூடுவதும் அதிகம் கீறல் விழுவதும் அதில்தான். "மனுஷனுக்குக் கீறல் விழுந்தா ஒரு வாரத்துல தானா ஆறிடும். தகரத்துக்கு ஆறாது," என்று மனிதவள அதிகாரி எங்களிடம் விளக்கினார். அதில் தப்பு சொல்ல எதுவும் இல்லை.

பயிற்சி பத்து நாள். படிக்கட்டு மாதிரி இருக்கும் கதவின் அடிச்சட்டத்தில் வெளிப்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். வலது தோளில் ஒரு போல்ட், வலது இடுப்பில் ஒரு போல்ட். இடது கைதான் பூட்டு. ஜன்னலை இறக்கச் சொன்னால் தலையைக் குனிய வேண்டும். சாவியை அழுத்தும்போது மற்ற மூன்று கதவும் பூட்டிக்கொள்ளும், நான் வாயால் 'டக்' என்று சொல்ல வேண்டும். எனக்கு 'டக்' நன்றாக வந்தது. என்னோடு பயிற்சியில் இருந்த ஒருவருக்கு அது கடைசிவரை வரவில்லை. அவரை வலது பக்கச் சீட்டுக்கு அடியில் எடை சமன் செய்ய வைத்துக்கொண்டார்கள்.

என்னை முத்து வெள்ளை நிறக் காரில் பொருத்தினார்கள். அதற்கேற்ற நிறத்தில் சட்டையும் பேண்டும். வாங்கியவர் காஞ்சிபுரத்தில் மாட்டு டாக்டர். ஞானசிகாமணி என்று பெயர். ஷோரூமில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். டாக்டரின் மனைவி பிரமிளா அம்மா பானெட்டுக்கும் மூன்று கதவுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டு என் நெற்றிக்கும் வைத்தார். என் சட்டைப்பையில் ஒரு தண்ணீர் பாட்டிலைச் செருகினார். கார் கதவு என்றால் ஒரு பை இருக்கத்தானே வேண்டும்.

டாக்டர் தங்கமான மனிதர். மாட்டின் வயிற்றில் தட்டிப் பார்த்துப் பழகியதால் என்னையும் ஒருமுறை முதுகில் தட்டித்தான் மூடுவார். தினமும் காலையில் காப்பி குடித்துக்கொண்டே பேப்பரில் வியாபாரப் பக்கத்தை எனக்கு வாசித்துக் காட்டுவார். எஃகு பழைய விலைக்கு இறங்கினால் அன்றே நிஜக் கதவு கொண்டுவந்து மாட்டி என்னை விடுவித்துவிடுவதாகக் கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது.

"ஏகாம்பரம், இன்னைக்கும் ஏறிடுச்சுப்பா," என்பார்.

"பரவால்ல சார்," என்பேன்.

மழை வந்தால் கதவின் வெளிப்பக்கம் நனையும், உள்பக்கம் காய்ந்திருக்கும். எனக்கும் அப்படித்தான். மார்பு நனைந்து முதுகு காய்ந்திருக்கும். பிரமிளா அம்மா ஓடிவந்து, வண்டியை ஷெட்டுக்குள் விடச் சொல்லிக் கத்தி, ஒரு துண்டால் என் தலையைத் துவட்டிவிடுவார். அப்பா அம்மா போன பிறகு என் தலையைத் துவட்டியவர் அவர்தான். எனக்கென்று இருந்தது ஒரே தங்கை சுகந்தி, செய்யாறு பக்கம் கட்டிக்கொடுத்தது. அவளுக்கு ஒரே மகள், மகிழினி.

மகிழினிக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். இரண்டு தடவை தேதி வைத்து, இரண்டு தடவையும் எஃகு ஏறிவிட்டது. மூன்றாவது தேதி வைத்த அன்று சுகந்தி போன் செய்தாள். கதவிலிருந்து சத்தம் வந்தால் அது கம்பெனி கணக்கில் குறை என்பதால் போனை அதிர்வில்தான் வைத்திருந்தேன்.

"அண்ணா, மூணு வயசு முடியப் போவுது. இத உட்டா அப்புறம் அஞ்சுலதான்றாங்க. எங்க வீட்ல எல்லாரும் வாய்விட்டே கேக்குறாங்க, உங்க அண்ணன் அப்படி இன்னா வேலை பாக்குறாருன்னு."

"கதவுன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். எந்தப் பக்கக் கதவுன்னு கேக்குறாங்க."

எந்தத் தேதி என்று கேட்டேன்.

"வர்ற வெள்ளிக்கிழம. ஒம்பதுலேர்ந்து பத்தரைக்குள்ள. இந்த வாட்டியும் நீ வரலன்னா தணிகாசலம் மடியில உக்கார வெச்சிடுவாங்க. அப்புறம் அவன்தான் மாமன். எங்கிட்ட வந்து எதுவும் கேக்காத."

தணிகாசலம் எங்கள் சித்தப்பா மகன். சிமெண்ட் கம்பெனியில் வேலை. சிமெண்ட் விலை ஏறினாலும் இறங்கினாலும் மூட்டை மூட்டையாகத்தான் இருக்கும் என்பதால் அவனுக்கு எந்தத் தேதியும் தோதுப்படும். போதாக்குறைக்கு அவன் மடி நல்ல அகலம். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. மகிழினிக்கு நான் வாங்கி வைத்த கம்மல் எட்டு மாதமாக என் சட்டைப்பையில், தண்ணீர் பாட்டிலுக்கு அடியில், ஒரு சின்ன டப்பாவில் கிடந்தது.

டாக்டரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். காரை விட்டுக் கதவு இறங்கினால் வாரண்டி போய்விடும், அதனால் லீவு கேட்கவில்லை, மனசு கேட்காமல் சொல்கிறேன் என்றேன்.

"லீவு எதுக்குப்பா? கார் வந்தா கதவும் வரும். நாங்களே வர்றோம்," என்றார் டாக்டர்.

வெள்ளிக்கிழமை காலையில் காரைக் கழுவினார்கள். என்னையும் கழுவினார்கள். பிரமிளா அம்மா மகிழினிக்குப் பட்டுப்பாவாடை எடுத்து வைத்திருந்தார். செய்யாற்றைத் தாண்டி, மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வக் கோயிலுக்கு ஒன்பதரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வேப்பமரத்தடியில் காரை நிறுத்தி, பந்தல் பக்கமாக என்னைத் திருப்பிவிட்டார்கள். மொட்டை போட்ட தலையில் சந்தனம் பூசிக்கொண்டு மகிழினி ஓடிவந்து என் முழங்காலைப் பிடித்தாள். எட்டு மாதம் கழித்துப் பார்க்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இடது கை பூட்டாகவும் வலது கை அவள் தோளிலும் இருந்ததால் துடைக்க முடியவில்லை, டாக்டர் கண்ணாடி துடைக்கும் துணியால் துடைத்துவிட்டார்.

தணிகாசலம் பட்டு வேட்டியோடு பந்தலில் தயாராக உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "நல்லா மூடுதாண்ணா?" என்று விசாரித்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தி வேலையைப் பார்க்கப் போனான். அந்த விஷயத்தில் அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

காது குத்தும் பத்தர் ஊசியைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தபோது மணி பத்தாக இருந்தது. மகிழினியை என் மடியில் வைத்தார்கள். அப்போது ஒரு சின்ன லோடு வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. கம்பெனியின் சர்வீஸ் ஆள் ரிஸ்வான் இறங்கினான். பின்னால் ஜமுக்காளத்தில் சுற்றி ஓர் இடது பின்கதவு இருந்தது.

"அண்ணே, காலையில எட்டே காலுக்கு எறங்கிச்சு. பத்தரைக்கு மறுபடி ஏறுதாம். அதுக்குள்ள மாட்டலன்னா கதவத் திருப்பி எடுத்துட்டு வரச் சொல்லிட்டாங்க."

"பத்தரைக்கு ராகு காலம். எனக்கும் அதுக்குள்ள முடிக்கணும்," என்றார் பத்தர்.

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. யாரையும் காத்திருக்கச் சொல்ல முடியாது. சுகந்தியின் மாமனார், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கட்டும் என்றார். ரிஸ்வான் ஸ்பானரோடு எனக்கு வலது பக்கம் குனிந்தான். பத்தர் ஊசியோடு எதிரில் குனிந்தார். பொம்பளைப் பிள்ளைக்கு இடது காதுதான் முதலில். ரிஸ்வான் என் தோள் போல்ட்டைக் கழற்றினான். மகிழினி வீறிட்டாள். நான் பூட்டியிருந்த கையை விட்டு அவளை இறுக்கிக்கொண்டேன். பையிலிருந்து டப்பாவை எடுத்து, பத்தர் முதல் கம்மலைப் போட்டார். ரிஸ்வான் இடுப்பு போல்ட்டைக் கழற்றினான். ஒரு மணைப்பலகை போட்டார்கள். எட்டு மாதத்தில் முதல்தடவையாக எழுந்து, பிள்ளையோடு இரண்டடி நடந்து, மணையில் உட்கார்ந்தேன். வலது காதும் முடிந்தது. ரிஸ்வான் புதுக் கதவை மாட்டி, திறந்து மூடிப் பார்த்தான். மணி பத்து இருபத்தெட்டு.

எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். மாமனுக்கு மாலை கொண்டுவந்தார்கள். அப்போதுதான் சுகந்தியின் மாமனார் கையை உயர்த்தினார்.

"ஒரு சந்தேகம். இடது காது குத்தினப்போ மடி யாருது? இவரா, கதவா?"

கேட்கவேண்டிய கேள்விதான். எல்லாரும் ரிஸ்வானைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மேல் போல்ட்டு அப்பவே எடுத்துட்டேங்க," என்றான் ரிஸ்வான். பிறகு என்னைப் பார்த்தான். நல்ல பையன். கீழ் போல்ட்டையும் சேர்த்தே எடுத்தாயிற்று என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் தலையாட்டியிருப்பான். சுகந்தியும் என்னைப் பார்த்தாள். ஆனால் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல்நாள் நான் சொல்லிக்கொடுப்பதே, கீழ் போல்ட் இருக்கும்வரை கதவு கதவுதான் என்பது. பதினோரு வருடம் அதைச் சொல்லியிருக்கிறேன்.

"கீழ் போல்ட் இருந்துச்சு," என்றேன்.

சுகந்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்ப இடது காதுக்குக் கதவு மாமன். வலது காதுக்கு நீங்க," என்றார் மாமனார். முதல் கம்மல் எடுத்ததும் கதவின் பையிலிருந்துதான் என்று பத்தர் நினைவுபடுத்தினார். அதனால் சீரிலும் பாதி கதவுடையது. மாலையைக் கதவுக்குப் போட்டார்கள். எனக்கு இன்னொன்று கட்டிக் கொடுத்தார்கள்.

எனக்கு ஆற்றாமையாக இருந்தது. பொய் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. புதுக் கதவின் பக்கத்தில் போய் நின்றேன். என்னைவிட மெலிந்து இருந்தது. கீழ்விளிம்பில் பெயின்ட் சரியாகப் பிடிக்கவில்லை. ஒருவிதத்தில் அதன்மேலும் குற்றமில்லை, அது பாட்டுக்கு வந்து மாட்டிக்கொண்டது. மாலை நழுவிக்கொண்டே இருந்தது, கைப்பிடியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன். பந்தியில் எனக்கும் கதவுக்கும் பக்கத்துப் பக்கத்து இலை. தணிகாசலம்தான் பரிமாறினான். சாயங்காலம் டாக்டர் கிளம்பும்போது சாவியை அழுத்தினார். நான்கு கதவும் பூட்டிக்கொண்டன. என் வாயும் 'டக்' என்றது. யாரும் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனேன். எஃகு பத்தரைக்கு ஏறியது ஏறியதுதான். இந்தமுறை டிக்கி மூடியை நிறுத்தியிருந்தார்கள். தணிகாசலம் சிமெண்டை விட்டுவிட்டு அதற்கு மனுப் போட்டிருக்கிறான், அகலம் இருப்பதால் கிடைத்துவிடும் என்கிறார்கள்.

நான் பழையபடி இடது பின்கதவு பொருத்துகிறேன், ஞாயிறுதோறும் விடுமுறை. சுகந்தி வீட்டுக்குப் போய்விடுவேன். மகிழினிக்கு நான் கதை சொன்னால் வலது பக்கமாகத்தான் திரும்பிக் கேட்பாள். இடது காதில் சொன்னால் அவளுக்கு ஏறுவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கதை பாதியில் இருக்கும்போது இடது காதைக் கையால் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்தாள்.

"மாமா நனையுது," என்றாள்.

செய்யாற்றில் நல்ல வெயில். நான் காஞ்சிபுரத்துக்குப் போன் போட்டேன். பிரமிளா அம்மா எடுத்தார்.

"இப்பதான் புடிச்சுது தம்பி, பேய் மழை. வண்டிய ஷெட்ல விட்டாச்சு. தலையும் துவட்டியாச்சு."

அதை மகிழினியின் வலது காதில் சொன்னேன். அவள் இடது காதில் சரிபார்த்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.