முன் இருக்கை

ஊரைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. வெள்ளத்தில் பாலம் இடிவதற்குள் ஆற்றைக் கடந்தாக வேண்டும். கடைசி லாரியின் டிரைவர் தன் பக்கத்து இருக்கையில் ஒரு ஈ எறும்பைக்கூட உட்காரவிடவில்லை. அது யாருக்கு என்று ஆஸ்பத்திரி நர்ஸுக்குத் தெரியும். அடுத்த மாதம் அவர்களுக்குக் கல்யாணம்.

அவள் வாசலுக்கு வந்தாள். தனியாக வரவில்லை, நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து அந்த இருக்கையில் ஏற்றினாள்.

"அப்போ நீ?" என்றான் அவன்.

"உள்ளே எழுந்து நடக்க முடியாதவங்க பதினோரு பேர் இருக்காங்க. டாக்டரம்மா ஒத்தையா என்ன பண்ணுவாங்க?"

"நீ வரலைன்னா நானும் போகல." சாவியை உருவினான்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பின்னாடி நாப்பது பேர் உட்கார்ந்திருக்காங்க. அவங்களை நட்டாத்துல விடுற ஆளை நான் கட்டிக்க மாட்டேன். வண்டியை எடு!"

அவன் சாவியைத் திரும்பப் போட்டு வண்டியைக் கிளப்பினான். லாரி தெருமுனையைத் தாண்டும்வரை நின்றவள், பிறகு குழாயடியில் முகம் கழுவும் சாக்கில் கொஞ்சம் அழுதாள். அழுது முடித்ததும் வார்டுக்குப் போனாள்.

மறுநாள் பாலம் இடிந்தது. மூன்றாம் நாள் காலை, முழங்கால்வரை சேற்றோடு அவன் வார்டுக்குள் நுழைந்தான். படகு பிடித்து வந்திருந்தான்.

"எல்லாரையும் பத்திரமா சேர்த்துட்டேன். அந்த அம்மாவுக்குப் பொண்ணு பொறந்திருக்கு. இப்போ என்ன செய்யணும், சொல்லு."

அவள் ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையை அவனிடம் நீட்டினாள்.

"கையைக் கழுவிட்டு வந்து பிடி," என்றாள்.