வெட்டினாலும் நிற்காத வால்

ஜெயபாயின் பதினோரு வருட உழைப்புக்கு ஷாஜி சொன்ன விலை பதினைந்து ரூபாய். பாறசாலையில் அவனுடைய அலங்காரமீன் கடையில் ஆட்கள் நிறைந்திருந்த நேரம், அவள் காட்டிய மீனைப் பார்த்து முகம் மாறாமல் சொன்னான்.

"சாதா சீப்ரா மீனாக்கும் அக்கா. வாலு கண்டா தெரியாதா?"

வால் மொட்டை. பிளேடு போட்ட நேர்வெட்டு. ஆனால் இடப்பக்கத்து வரி கண்ணுக்குப் பின்னால் அறுந்து கிடப்பது குஞ்சு எடுக்க அவள் வைத்திருந்த ஆண் விதைமீன் ஒன்றுக்குத்தான். செங்கல் என்னும் தன் ஊரில் மொட்டைமாடித் தொட்டிகளில், குஞ்சுக்குக் குஞ்சு பார்த்துப் பிரித்து அவள் உண்டாக்கிய நீளவால் வம்சம். ஐந்து நாள் முன்பு ஷாஜி மீன் பார்க்க வந்துபோனான். அவனோடு அதுவும் போயிற்று.

வாய்வரை வந்த வசவை விழுங்கினாள். சாட்சி சொல்ல வேண்டிய வாலையே வெட்டிவிட்டானே! வியாபாரியை அவன் தராசிலேதான் ஏற்ற வேண்டும்.

"அப்ப அந்த மீனத் தா மக்கா." பதினைந்து ரூபாயை மேசையில் வைத்தாள்.

"அது சீக்கு பிடிச்சதாக்கும். வேற தாறேன்."

"சீக்கு மீன எதுக்குலே மூணு பொண்ணோட தனித் தொட்டியில விட்டிருக்க? முதலிரவு நடத்த மணியறையா?"

கடை சிரித்தது. ஷாஜி வேறு வழியின்றி வலையை எடுத்தான்.

அன்று இரவு, திருவனந்தபுரத்து லேபில் வேலை பார்க்கும் மகள் மினி போனில் சொன்னாள்: "நீ முன்ன தந்த குஞ்சுகள டெஸ்ட் பண்ணியாச்சு அம்மா. செல்லுல பொட்டாசியம் வெளிய போக ஒரு வாசலு உண்டு, அயான் சானல். நம்ம மீனுக்கு அது வேண்டியதுக்கு மேல தெறந்து கெடக்கு. போதும், நில்லுன்னு ஒடம்பு சொன்னா வால் எலும்புக்கு எட்டாது. எத்தன வாட்டி வெட்டினாலும் நீளமாத்தான் வரும். வால்முள்ளுல கணுவும் தாறுமாறா விழும்."

"கள்ளன் வாலத்தான வெட்டினான், வாசல அடைக்கல்லியே."

தினமும் லென்ஸ் வைத்து, மூங்கில்போல் கணுவிட்டு நீளும் வால்முள்ளில் எலும்புத் துண்டுகளை எண்ணிக் காலண்டரில் குறித்தாள். பதினெட்டாம் நாள் சாதா வாலின் அளவு வந்தது. நிற்கவில்லை. ஒரு கணு நெருங்கி, அடுத்தது விலகி, முப்பதாம் நாள் வால் புடவை முந்தானையாய் இழுபட்டது.

அன்றுதான் ஷாஜியின் வாட்ஸாப் ஸ்டேட்டஸ்: "நீளவால் சீப்ரா. எங்கள் சொந்த இனம். விரைவில். ஜோடி ஐந்நூறு."

கள்ளன் தொட்டியில் அது கிடந்தது ஐந்து நாள். மூன்று பொண்ணு. அத்தனை முட்டைக்குள்ளும் அவளுடைய வாசல் திறந்தல்லவா கிடக்கும்!

காலண்டரில் எழுதினாள். வால், வந்தது. எலும்பு, பத்தொன்பது. குஞ்சுகள், ஷாஜி தரவேண்டியது... எண் தெரியவில்லை. அழுத்திய பேனா தாளைக் கிழித்து அடுத்த மாதத்தில் குத்தி நின்றது.