அம்மாக்கள் ஓட்டம்

பள்ளி விளையாட்டு விழாவில் அம்மாக்களுக்கும் ஒரு ஓட்டப்பந்தயம் உண்டு. அதில் ராக்கெட்டின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தது அவள் கணவனின் மகள்.

ராக்கெட் என்பது பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர். நூறு மீட்டரிலும் தொடர் ஓட்டத்திலும் பல வருடம் நாட்டுக்காக ஓடியவள். வாங்கிய பதக்கங்கள் அலமாரியில் தூசு தின்றுகொண்டிருக்கின்றன. முழங்கால் கைவிரித்துவிட்ட பிறகு ஓய்வு பெற்று, விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த தண்ணீர் வாரிய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சம் தாமதமாகப் போனாலும், "என்ன ராக்கெட், பெட்ரோல் தீந்துபோச்சா?" என்பார் மேலாளர். அதையெல்லாம் அவள் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

காதில் விழுந்து நெஞ்சில் தைத்தது வேறொன்று. தாயை இழந்த அந்த ஒன்பது வயதுக்காரியோடு ஒரே வீட்டில் இரண்டு வருடம் ஓடிவிட்டது. சண்டை கிடையாது, ஒட்டுதலும் கிடையாது. பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள், "இவங்க யாரு உனக்கு?" என்று கேட்டதற்கு, "எங்கப்பா கட்டிக்கிட்டவங்க" என்று பதில் சொன்னாள் அந்தப் பெண். சமையலறையில் நின்ற ராக்கெட்டுக்கு வலித்தது. வலிக்காமல் என்ன செய்யும்?

அப்படிப்பட்டவள் வந்து, "ஜெயிச்சிடுவீங்கல்ல? கிளாஸ் பூரா சொல்லிட்டேன்" என்று கேட்டால் யார்தான் மாட்டேன் என்பார்கள்?

"இந்த முட்டியை வச்சுக்கிட்டு எதுக்கும்மா வம்பு?" என்றான் கணவன்.

"நீங்க சும்மா இருங்க. இதுல மட்டும் ஜெயிச்சுட்டேன்னா அவ என்கிட்ட ஒட்டிக்குவா."

மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். மற்ற அம்மாக்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வாயாடிக்கொண்டு நின்றார்கள். ராக்கெட் மட்டும் பழக்கதோஷத்தில் மண்டியிட்டு, விரல்களைக் கோட்டுக்குப் பின்னால் ஊன்றி, தலையைத் தொங்கப்போட்டாள். ஓட்டக்காரிக்குக் கண்ணால் ஆவதொன்றுமில்லை, எல்லாம் காதுதான். ஒரு சர்வதேச இறுதிப் போட்டியில் துப்பாக்கி வெடிப்பதற்கு இம்மி முன்னால் காலை எடுத்துவிட்டு, அத்தனை பேர் பார்க்க வெளியே அனுப்பப்பட்டவள் அவள். அதன் பிறகு வெடிச் சத்தம் கேட்காமல் தலையே போனாலும் நகர்ந்ததில்லை.

"ரெடி!" என்றார், அன்றைக்கென்று வெளியிலிருந்து வந்திருந்த நடுவர். ராக்கெட் இடுப்பை உயர்த்தினாள். நடுவர் கையிலிருந்த கொடியைச் சட்டென்று கீழே இறக்கினார். அவ்வளவுதான். துப்பாக்கியும் இல்லை, விசிலும் இல்லை.

பக்கத்தில் கால்கள் தடதடவென்று கிளம்பியது அவளுக்குத் தெரிந்தது. அவசரக்குடுக்கைகள், இப்போது திரும்பக் கூப்பிடுவார்கள் பார் என்று நினைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். கூட்டம் கத்தியதையும் சட்டை செய்யவில்லை. அதைக் காதில் வாங்காமலிருக்கத்தானே அத்தனை வருடப் பயிற்சி! கத்தல் சிரிப்பாக மாறியபோதுதான் ஏதோ உறைத்தது. நிமிர்ந்தால், அம்மாக்கள் பாதி மைதானத்தைத் தாண்டியிருந்தார்கள்.

பாய்ந்தாள். நாலு எட்டு போவதற்குள் தொடைத் தசை சுண்டி இழுத்தது. விட்டுவிட்டு நிற்கவும் மனம் வரவில்லை. நொண்டி நொண்டிக் கடைசியாகப் போய்ச் சேர்ந்தாள். சிரிக்காத வாய் ஒன்றுகூட அங்கே இல்லை. மானம் கப்பலேறியது கூடப் பெரிதில்லை, இனி அந்தப் பெண் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அவளை அரித்தது. இந்த வாய்ப்பும் போயே போய்விட்டது.

அந்தப் பெண் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். ராக்கெட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே நடுவரிடம் போனாள்.

"சார், இது செல்லாது. குனிஞ்சிருக்கிறவங்களுக்குக் கொடி எப்படித் தெரியும்? திரும்ப ஓட விடுங்க!"

"சும்மா விளையாட்டுக்குத்தானே பாப்பா…" என்றார் நடுவர். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு.

"ஓட விட முடியாதுன்னா, கடைசின்னு மைக்ல சொல்லாதீங்க. அது தப்பு!"

"அடேங்கப்பா! சரி, நீ யாரு பொண்ணு?"

ராக்கெட் தொடையைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டாள். ஊரே சிரிக்கிற ஒருத்தியை யார் சொந்தம் கொண்டாடுவார்கள்? அப்பா பெயரைச் சொல்லிவிட்டுப் போனாலும் குற்றமில்லை.

கோபத்தில் அழுகை முட்டிக்கொண்டு வர, அந்தப் பெண் கையை நீட்டிக் காட்டினாள்.

"அதோ, எல்லாரும் சிரிக்கிறீங்களே, அவங்க பொண்ணு."