இன்னொருக்காச் சொல்லுங்க

விடிந்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. கிறகோரி கரையில் தன் படகுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, வலையில் சிக்கிய பாசியைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தான். மீன் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மூன்று கிழமையாக, இருபத்தொரு நாளாக, இதே கதைதான். வீட்டில் மனைவி டொறின் ஒன்றும் கேட்பதில்லை. வெறும் கூடையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் குசினிக்குள் போய்விடுவாள். அதுதான் அவனுக்குப் பெரிய வலி.

அந்த நேரத்தில் வின்சன் முதலாளியின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. திருகோணமலைத் துறையில் மீன் ஏலம் எடுக்கிற வியாபாரி அவன். கிறகோரியின் பங்குக் கோயிலில் முன்வரிசைக்காரன். வந்தவன் ஒரு சாப்பாட்டுப் பெட்டியைப் படகின் பலகையில் மெதுவாக வைத்தான். திறந்து பார்க்காமலே கிறகோரிக்குத் தெரியும், உள்ளே இருப்பது சோறில்லை, மீனைக் கொல்லக் கடலில் எறிகிற கள்ள வெடி.

ஆறு வருசமாக வின்சன் கொடுத்த வெடியைத்தான் கிறகோரி கடலில் எறிந்து வந்தான். புதன்கிழமை வெடி, சனிக்கிழமை கோயில் சுவாமியிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம். ஞாயிறு பூசையில் நன்மை அப்பம் வாங்கும்போது உள்ளுக்குள் எல்லாம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். அடுத்த புதன் வின்சன் மறுபடி வருவான். கிறகோரியும் மறுபடி போவான்.

ஐந்து மாதத்துக்கு முன்னர்தான் அது நின்றது. கொட்டியாரக் குடாவில் ஒரு கல்லுக்கு மறைவில் நின்று அவன் எறிந்த வெடிக்கு மீன் மிதந்தது. கொஞ்சம் தள்ளி ஓர் ஆளும் மிதந்தான். மூதூர் ஜவ்பர், சங்கு எடுக்கச் சுழியோடியவன். இரண்டு காதாலும் இரத்தம். அவனுடைய நானா முனீப் தம்பியைத் தூக்கிப் படகில் போட்டுக்கொண்டு கத்திய கத்தல் கல்லுக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. கிறகோரி எஞ்சினை இழுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் ஓடி வந்துவிட்டான்.

ஜவ்பர் பிழைத்தான். ஆனால் காது முழுக்கத் திரும்பவில்லை, கத்திச் சொன்னால்தான் கொஞ்சம் கேட்கும். எறிந்தது யார் என்று ஒருவருக்கும் தெரியாது, வின்சனைத் தவிர. கிறகோரி பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்காலில் நின்று அழுதான். கடவுள் மன்னிப்பார், ஆனால் அந்தப் பொடியனிடம் நீர் நேரே போய்ச் சொல்லவேண்டும் என்றார் சுவாமி. வெடியை விட்டான் கிறகோரி. மூதூருக்கு மட்டும் போகவில்லை. துறையில் முனீப்பைக் கண்டால் லொறிக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவான்.

வெளிக் கடலில் கல்லடியில் பாரை மீன் கூட்டமாக நிற்கிறது என்றான் வின்சன். ஒரே ஒருக்கா போதும், மூன்று கிழமைப் பட்டினியும் தீரும் என்றான்.

"நான் விட்டிட்டன் எண்டு சொன்னனான்தானே."

வின்சன் குரலை உயர்த்தவில்லை. சிரித்துக்கொண்டே கேட்டான். "நீ விட்டிட்டாய், சரி. ஜவ்பருக்குக் காது வந்திட்டுதே? முனீப்புக்கு ஆர் சொல்லுறது, நீயோ நானோ?"

கிறகோரி படகைத் தள்ளினான்.

வின்சன் சொன்னது பொய்யில்லை. கல்லடியில் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. முதுகு மினுங்க மினுங்கப் பாரை சுற்றிக்கொண்டிருந்தது. கிறகோரிக்குக் கை அரித்தது. ஒரு எறி எறிந்தால் படகு நிறையும். டொறின் கூடையைப் பார்த்துச் சிரிப்பாள். பெட்டியைத் திறந்தான். அப்போது தன் உதடு அசைவதை அவனே கவனித்தான். "சுவாமி, நான் பாவி, கடைசியாப் பாவசங்கீர்த்தனம் செய்து..." என்று சனிக்கிழமை சொல்லவேண்டியதை இப்போதே அடுக்கிக்கொண்டிருந்தான்.

இன்னும் செய்யாத பாவத்துக்கு மன்னிப்புக் கேட்கப் பழகுகிறான்!

அவனுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. பிறகு அது வின்சன்மேல் திரும்பியது. 'இண்டைக்கு இவன் கேட்டான் எண்டு போட்டால், நாளைக்கும் கேப்பான். சாகும் வரைக்கும் கேப்பான்.' பெட்டியை மூடினான். பாரை அப்படியே நிற்க, படகைத் துறைப் பக்கம் திருப்பினான்.

துறையில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. முனீப்பும் ஜவ்பரும் ஐஸ் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். கிறகோரி இந்த முறை லொறிக்குப் பின்னால் போகவில்லை. நேரே அவர்கள் முன்னால் போய் நின்றான்.

"முனீப், உன்ர தம்பியின்ர காது போனது என்னாலதான். அண்டைக்கு வெடி போட்டது நான்."

முனீப்பின் கை பெட்டியிலேயே நின்றுவிட்டது. ஜவ்பர் கிறகோரியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குக் கேக்கல்ல. இன்னொருக்காச் சொல்லுங்க."

முதல் தரம் சொன்னதே உயிர் போய் வந்த மாதிரி இருந்தது. இப்போது சத்தமாகச் சொல்லவேண்டும். கிறகோரி மூச்சை இழுத்து, துறை முழுக்கக் கேட்கக் கத்தினான். "அண்டைக்கு வெடி போட்டது நான்தான், தம்பி!"

ஏலம் நின்றது. முனீப் பாய்ந்து அவன் சேட்டுக் கழுத்தைப் பிடித்து அறைந்தான். இரண்டாவது அறையும் விழுந்தது. கிறகோரி கையை உயர்த்தவில்லை. ஜவ்பர்தான் நானாவை இழுத்துப் பிடித்தான். பிடித்தபடியே கேட்டான்.

"ஏன் அண்டைக்கு நிக்காமப் போனீங்க?"

"பயம்," என்றான் கிறகோரி.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வின்சன் வந்தான். முகம் வெளிறியிருந்தது. கிறகோரியின் காதுக்குள், "உனக்கு விசரே? உள்ளுக்குப் போகப்போறாய்," என்று சீறினான்.

கிறகோரி குரலைத் தாழ்த்தவில்லை. "ஓம், போறன். நீயும் வா. பெட்டி படகிலதான் கிடக்கு. அது ஆர் தந்ததெண்டும் பொலிசிலதான் சொல்லப்போறன்."

இரண்டு பேர்மேலும் வழக்குப் போட்டார்கள். கிறகோரி நாலு மாதம் மறியல் சிறையில் இருந்தான். படகு பறிபோனது. இப்போது வேறொருவரின் கரைவலையில் கூலிக்கு இழுக்கிறான். டொறின் தையல் வேலைக்குப் போகிறாள். வீட்டில் கறி குறைவு, ஆனால் இருவரும் பேசிக்கொண்டு சாப்பிடுகிறார்கள். முனீப் இன்னும் அவனோடு கதைப்பதில்லை. அது முனீப்பின் நியாயம் என்று கிறகோரி விட்டுவிட்டான்.

மறியலால் வந்த முதல் ஞாயிறு, பூசை முடிந்து வெளியே வந்தவனைக் கோயில் மூப்பர் மறித்தார். சுவாமியிடம் மட்டும் சொல்லியிருந்தால் போதுமே, கடவுளும் மன்னித்திருப்பார், பிறகேன் ஊரறியக் கத்திப் படகையும் இழந்தாய் என்று குறைப்பட்டுக்கொண்டார்.

கிறகோரி தலை குனியவில்லை.

"மூப்பர், நான் ஆறு வருசம் மன்னிப்பு வாங்கினனான். ஒரு நாளும் பாவத்தை விடேல்ல. சனிக்கிழமை கழுவினால் சரி எண்டு நினைச்சனான். பாவத்தை ஒளிச்சு வச்சிருக்கிற வரைக்கும் பிசாசுக்கு நாங்கள்தான் கதிரை போட்டு இருத்தி வச்சிருக்கிறம். ஆருக்குக் கெடுதல் செய்தமோ அவன்ர முகத்தைப் பாத்துச் சொல்லவேணும். வாறதை வாங்கவேணும். அதுக்குப் பிறகு எந்தச் சோதனை வந்து மிரட்டினாலும், 'போடா, என்னட்ட ஒளிக்க ஒண்டுமில்ல' எண்டு சொல்லலாம்."