பாடுதா, மார்லிஸ்?

“பாடுதா?” என்று படுக்கையிலிருந்து கணவர் வெர்லின் கேட்டபோது மார்லிஸ் அவர் முதுகுக்கடியில் விரிப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். பாடுது என்றாள், தலையை நிமிர்த்தாமலே.

பொய். தோட்டத்தில் கார்டினல் பறவை பாடி மூன்று நாளாகிறது. செவ்வாய்க்கிழமை காலையில் வல்லூறு ஒன்று ஆண் பறவையை அடித்துக்கொண்டு போனது. மேப்பிள் மரத்தடியில் கிடந்த சிவப்பு இறகுகளை அவள்தான் கூட்டி அள்ளிக் குப்பைத்தொட்டியின் அடியில் போட்டு மூடினாள். சாகக் கிடக்கிறவரிடம் போய் இதைச் சொல்வாளா?

படுக்கையைச் சன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னவர் அவர்தான். இரும்புப் பட்டறை இரைச்சலில் காது போய்விட்டது. கருவி மாட்டினாலும் பறவையின் மெல்லிய குரல் எட்டாது. அதனால் அவர் பார்ப்பார், அவள் கேட்டுச் சொல்வாள். ஓய்வு பெற்ற பிறகு இருவருக்கும் அதுதான் பேச்சு. பிள்ளைகளும் இல்லை. ஐம்பத்தோரு வருடக் குடித்தனத்தில் பேச வேண்டியதெல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்திருந்தாள். இப்போது ஒரு வார்த்தைக்கு ஏங்கினாள். போகிறபோதாவது தன்னிடம் ஏதாவது சொல்லிவிட்டுப் போகக்கூடாதா இந்த மனுஷன்?

நண்பகலில் அவராகவே கண் திறந்தார்.

“பொய் சொல்லாத மார்லிஸ். காதுதான் போச்சு, கண்ணு இருக்கு.”

அவள் கையிலிருந்த துண்டை மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

“அவன் போயிட்டான். எனக்குத் தெரியும். நான் அவளைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்.”

ஏப்ரல் மாதத்தில் ஆண் பறவை விதையை உடைத்துப் பெட்டையின் அலகில் ஊட்டும். ஆண் போன முதல் நாள் பெட்டை கிளையிலேயே காத்திருந்ததாம். நேற்று தீனித்தட்டுவரை வந்து திரும்பிவிட்டதாம். மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்.

“இன்னிக்குக் காலையில அவளே உடைச்சுத் தின்னா.”

இன்னும் ஏதோ சொல்வார் என்று மார்லிஸ் குனிந்தபடியே இருந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று மணிக்கு மூச்சு நின்றது. அவளுக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. பறவை தின்ற கதையையா கடைசியில் சொல்லிவிட்டுப் போவது?

நர்ஸ் வந்து நேரத்தைக் குறித்துக்கொண்டாள். ஐந்து மணிக்கு வண்டி வந்து அவரை எடுத்துப்போனது. அது தெருமுனை திரும்புவதற்குள் பக்கத்து வீட்டு ட்ரூடி சீஸ் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்குத் தட்டோடு வந்துவிட்டாள். ஊரில் சாவு என்றால் முதலில் எரிவது அவள் வீட்டு அடுப்புதான். மார்லிஸைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்திக்கொண்டிருந்தபோது, வெளியே கணீரென்று ஒரு சீழ்க்கை கேட்டது.

ட்ரூடி நெஞ்சில் கை வைத்தாள். செத்தவர் சிவப்புக் கார்டினலாக வீட்டாரைப் பார்க்க வருவார் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. துக்கம் விசாரித்து அனுப்பும் அட்டைகளில்கூட அதன் படம்தான்.

“கேட்டியா? வெர்லின் வந்துட்டாரு பாரு. நீ தனியா இல்லன்னு சொல்றாரு.”

மார்லிஸ் திரையை விலக்கினாள். மேப்பிள் கிளையில் உட்கார்ந்திருந்தது பழுப்பு நிறப் பெட்டை. பெட்டையும் பாடும் என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. ட்ரூடிக்கும் தெரியாது.

“ஆமா,” என்றாள் மார்லிஸ்.

ட்ரூடி கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிப் போனாள். மார்லிஸ் சன்னல் கதவை மேலே தூக்கி முழுவதும் திறந்துவிட்டாள். பெட்டை பாட்டை நிறுத்தியது. தோட்டத்தில் எங்கிருந்தும் பதில் வரவில்லை. சற்றுப் பொறுத்து அது மறுபடி தொடங்கியது.