பத்தொன்பது நாள் பிந்திய மழை

இப்போதெல்லாம் மழை பெய்கிறதா என்று பார்க்க யாரும் சன்னலுக்கு வெளியே கையை நீட்டுவதில்லை. போனைத் தடவுகிறார்கள். மழை இல்லை என்று போன் சொன்னால் இல்லை. தலை சொட்டச் சொட்ட நனைந்தாலும் இல்லைதான்.

என் மகளைக் கட்டியவர் அந்தக் கூட்டத்துக்கே தலைவர். செயற்கைக்கோள் எடுக்கும் படத்தைப் பார்த்து, எங்கே பச்சை இருக்கிறது, எது பாலையாகிக்கொண்டு வருகிறது என்று சொல்வது அவர் வேலை. நான் ஆடு மேய்க்கும் சரிவில் மூன்று வருடமாகக் கல்வரப்பு கட்டி மண்ணைத் தேற்றி வருகிறார்கள். இந்த வருடப் படத்தில் அது சிவப்பாக வந்துவிட்டதாம். சிவப்பு என்றால் செத்த நிலம். அடுத்த வாரத்தோடு வரப்பு வேலையை நிறுத்தப் போகிறார்கள் என்று மகள் சொன்னாள். வரப்பு நின்றால் மண் போகும். மண் போனால் என் முப்பத்தாறு ஆடும் போகும்.

நேராக அவர் அலுவலகத்துக்கே போனேன். உட்காரச் சொன்னார். நாற்காலி உருண்டது. நின்றுகொண்டேன்.

"நேத்து அங்கதான் ஆடு மேஞ்சுது மாப்ள. செத்த நிலத்துல என்னத்தத் தின்னுச்சு, உங்க படத்தையா?"

"கோவப்படாதீங்க மாமா. எல்லா வருசமும் ஒரே தேதியில எடுத்த படம். அப்பதான் ஒப்பிட முடியும்."

"எந்தத் தேதி?"

சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு விழலையே! இந்த வருசம் மழை பத்தொம்பது நாள் லேட்டு. மழை என்ன, உங்க காலண்டரைப் பாத்துட்டா பெய்யுது?"

பக்கத்து மேசைப் பெண் தலையைத் தூக்காமலே, "மழைக் கணக்கு நம்மகிட்டயே இருக்கு சார். யாரும் சேர்த்துப் பாக்கலை" என்றாள்.

"நீ வேற ஏம்மா!" என்றார் மாப்பிள்ளை அவளிடம்.

தேதியை விட்டுவிட்டு, ஒவ்வொரு வருடமும் முதல் மழைக்குப் பிறகு முப்பதாவது நாள் எடுத்த படங்களைத் தேடி வரிசையாகத் திரையில் வைத்தார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. முதல் வருடம் முழுச் சிவப்பு. அடுத்தது மஞ்சள். இந்த வருடம் வரப்பை ஒட்டிக் கோடு கோடாகப் பச்சை. மேட்டு ஓரம் மட்டும் இன்னும் சிவப்பு.

மாப்பிள்ளை முகமெல்லாம் பல். "தேறிடுச்சு மாமா! வேலையை நிறுத்த வேண்டாம்னு இப்பவே எழுதிடறேன். இனிமேலாவது நம்புவீங்களா?"

"காலையில செத்துச்சு, மத்தியானம் பொழச்சுச்சு. இதை எவன் நம்புவான்?"

படியிறங்கினேன். பின்னாலேயே எதையோ விளக்கிக்கொண்டு வந்தார். நான் திரும்பவில்லை.