ஒன்பதாம் எண் ஜெர்சி

ஜெர்சியின் முதுகில் மெல்லிய துணி ஒன்றை விரித்து, அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை லேசாக ஒற்றி எடுக்க வேண்டும். ஒட்டியிருக்கும் எழுத்துகள் சூட்டில் இளகியதும் நகத்தால் உரித்துவிடலாம். கால்பந்து கிளப்பின் சலவையறையில் அவள் வருடா வருடம் செய்கிற வேலை இது. ஆண்கள் அணி போட்டுக் கழித்த ஜெர்சிகளிலிருந்து பெயர்களை உரிப்பாள்; அவை பெண்கள் அணிக்குப் போகும். பெயர் போனாலும் அது இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் தெரியும். பெண்கள் ஓடும்போது முதுகில் யாரோ ஒரு ஆணின் பெயரும் மங்கலாகக் கூடவே ஓடும். அவளுடைய மகள் முதுகில் ஓடியது கிளப்பின் நட்சத்திரத்தின் பெயர். ஒன்பதாம் எண்.

இறுதியாட்டத்துக்காவது புது ஜெர்சி தருவதாக மேலாளர் சொல்லியிருந்தார். சொன்னதோடு சரி. இன்று காலை அந்த ஆட்டத்தைப் பின்பக்கத்து மேட்டு மைதானத்தில் ஆடவிட்டார்கள். பெரிய மைதானத்தில் ஆண்களின் மாலை ஆட்டத்துக்காகப் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்களாம். அந்த ஆண்கள் இந்த வருடம் முதல் சுற்றையே தாண்டவில்லை. மாலை ஆட்டமும் சும்மா ஒரு நட்பு ஆட்டம். ஆனாலும் முன்வாசலில் காலையிலிருந்தே கூட்டம். பின்னால் இருந்தது சில பெற்றோரும் ஒரு நாயும். கடைசி நிமிடங்களில் எதிரணிக்காரியின் முழங்கை உதட்டைக் கிழித்தபோதும், பந்தை முட்டப் போன தலையை மகள் எடுக்கவில்லை. பந்து உள்ளே போனது. கோப்பையும் வந்தது.

மகள் உதடு வீங்கி, சலவையறையில் கவிழ்த்த வாளிமேல் வந்து உட்கார்ந்தாள். மாற்றுடை போட்டிருந்தாள். ஜெர்சியைச் சுருட்டி மடியில் வைத்திருந்தாள்.

"கேமராக்காரங்க முன்வாசல்லயே நின்னுட்டாங்கம்மா. நம்ம ஸ்டாரு புதுசா முடி வெட்டியிருக்காராம், அதை எடுக்க. எனக்கு இந்த ஜெர்சி மட்டும் போதும். திருப்பிக் குடுக்கணும்னு சொல்றாங்க. நீ கேட்டு வாங்கித் தர்றியா?"

அம்மா கேட்கப் போவதற்குள் மேலாளரே வந்துவிட்டார்.

"அக்கா, அந்த ஒன்பதாம் நம்பர் எங்க? நல்லா துவைச்சு, அவர் பேரை மறுபடி ஒட்டிக் குடுங்க. சாயங்காலம் குலுக்கல்ல ஒரு ரசிகருக்குப் பரிசு. அவர் போட்ட ஜெர்சின்னா சும்மாவா?"

"சார், அதைப் போட்டுக்கிட்டுத்தான் எம் பொண்ணு இன்னிக்குக் கோல் அடிச்சா. அவளே வச்சுக்கட்டும் சார்."

"அவளுக்கு வேற தரச் சொல்றேன். பொண்ணுங்க ஆட்டத்தை யாருக்கா பாக்குறா?"

யார் பார்ப்பார்கள்? கடையைப் பூட்டி வைத்துவிட்டு வியாபாரமே இல்லை என்று அழுகிறவனுக்கு என்ன பதில் சொல்வது? பெற்ற மகள் அவ்வளவு கிள்ளுக்கீரையாகிவிட்டாளா? ஆத்திரத்தில் அம்மா ஒரு பொய் சொன்னாள்.

"ரத்தக்கறை சார். துவைச்சாலும் போகாது."

மேலாளர் மகளின் மடியிலிருந்த ஜெர்சியை வாங்கி விரித்தார். நெஞ்சுப் பக்கத்துக் கறையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"போகவே வேணாம்! அப்படியே விடுங்க. அவர் ரத்தம்னு நினைச்சுக்குவாங்க. பழம் நழுவிப் பால்ல விழுந்திருக்கு."

"அது எம் பொண்ணு ரத்தம் சார்."

"யாருக்குக்கா தெரியப் போகுது?"

ஜெர்சியையும் எழுத்துகள் வைத்த உறையையும் மேசைமேல் போட்டுவிட்டுப் போய்விட்டார். மகள் அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓவென்று அழுதிருந்தால்கூடத் தேவலை. வாடகையும் அரிசியும் இந்த அறையின் நீராவியிலிருந்துதான் வருகின்றன. அது அம்மாவுக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும்.

அம்மா ஜெர்சியின் முதுகை மேலாக்கி மேசைமேல் பரப்பினாள். முன்பக்கம் கெட்டுவிடாதபடி நாலாய் மடித்த துண்டொன்றை உள்ளே நுழைத்தாள். இஸ்திரிப் பெட்டியின் சூட்டுத் திருகைக் கடைசிவரை திருப்பினாள்.

"அம்மா, மேல துணி போட மறந்துட்ட."

"மறக்கல."

பெயரின் நிழல் மேல் பெட்டியை வைத்து இரு கையாலும் அழுத்தினாள். சுர்ரென்று சத்தம் வந்தது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம் மூக்கை அடைத்தது. எடுத்தபோது துணி சுருண்டு இளகிப் பெட்டியோடு வந்தது. பெயர் இருந்த இடத்தில் பெட்டியின் வடிவிலேயே ஒரு ஓட்டை, ஓரமெல்லாம் கருப்பு. கீழே ஒன்பது அப்படியே இருந்தது. முன்பக்கத்துக் கறைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓட்டையின் விளிம்பை ஈரத்துணியால் ஆற்றி மகளிடம் நீட்டினாள்.

"போட்டுக்கோடி."

"உன் வேலை போயிடும்மா."

"போனாப் போகுது. பின்வழியா போகாத. முன்வாசல் வழியாப் போ."

மகள் மாற்றுச் சட்டையைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுக்கொண்டு போனாள். சலவையறை ஜன்னலிலிருந்து பார்த்தால் முன்வாசல் தெரியும். நட்சத்திரத்தின் படம் போட்ட கொடிகளோடு நின்ற வரிசை அவளைக் கண்டதும் விலகியது. "டேய், அது அவரோட ஒன்பதுடா!" என்று எவனோ கத்தினான். தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. இத்தனை பேர் அவளைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"அக்கா, ரெடியா?" என்று தாழ்வாரத்தில் மேலாளரின் குரல் கேட்டது. கையிலிருந்த சூடான பெட்டியை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை. வெளியே, கருகிய ஓட்டைக்குள் மகளின் முதுகு மட்டும் வியர்வையில் மினுங்கியபடி கூட்டத்தின் நடுவே போய்க்கொண்டிருந்தது.